கோவை தந்த பொறியறிஞர்

ஏட்டைத் திறந்து கல்வியைத் தொடங்குவதே பெரும்பாலோர் வழக்கம். இயந்திரம் ஒன்றைப் பிரித்துத் தம் கல்வியைத் தொடங்கியவர் ஒருவர் கொங்கு நாட்டில் வாழ்ந்தார். ஜி. டி. நாயுடு என உலகம் அறிந்த கோபாலசாமி துரைசாமி நாயுடுவே அவர். கோயம்புத்தூருக்குக் கிழக்கே, சூலூரை அடுத்துள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் அவர் பிறந்தார். அவருடைய குடும்பம் உழவையே நம்பி வாழ்ந்தது. குழந்தைப் பருவத்திலேயே அவர் தாயை இழந்தார்.

பள்ளிக்கூடம் அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. ஆசிரியர்மீது மணலை வாரி வீசிவிட்டு ஓடினார் என்பது அவரைப் பற்றி வழங்கும் கதைகளுள் ஒன்று. அச்செயல் போற்றத் தக்கதன்று. பிற்காலத்தில் அவரும் அதனைப் பெருமையாகக் கொண்டிருக்க மாட்டார். மூன்றாம் வகுப்போடு அவருடைய பள்ளிப் படிப்பு நின்றது. எனினும் படிக்கும் ஆர்வம் நின்றுவிடவில்லை. தோட்ட வேலையினூடே கிடைத்த தமிழ் நூல்களை எல்லாம் அவர் தாமாகவே படித்தார். எதனையும் பிறர் சொல்லக் கேட்டு ஒப்புக்கொள்ளாமல், தாமே சோதித்து அறியும் இயல்பு அவரிடம் இளமையிலேயே வேரூன்றியது.

இருபது வயதை அடைந்தபோது அவருடைய வாழ்வைத் திருப்பிய நிகழ்ச்சி ஒன்று நடந்தது. லங்காஷயர் என்னும் ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஏறி அவ்வூர்ப் பக்கம் வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி தானே ஓடுவதை நாட்டுப்புறத்தார் பலர் அதுவரை கண்டதில்லை. ஊரார் வியந்து பார்த்துவிட்டுத் தத்தம் வேலைக்குத் திரும்பினர். துரைசாமியோ திரும்பவில்லை, அவருடைய நெஞ்சம் அவ்வண்டியின் பின்னாலேயே சென்றுவிட்டது. அது எப்படி ஓடுகிறது என்று அறிய வேண்டுமானால், அது தம் கையில் இருக்க வேண்டும் என்று அவர் எண்ணினார்.

அதற்குப் பணம் வேண்டும். எனவே அவர் கோயம்புத்தூருக்குச் சென்று, உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். நிலமுள்ள குடியில் பிறந்த இளைஞர் பிறருக்கு இலை போட்டுப் பரிமாறுவதை உற்றார் இழிவாகக் கருதும் காலம் அது. அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் காசு காசாகச் சேர்த்து 300 ரூபாய் ஆக்கினார். பிறகு அதே ஆங்கிலேயரிடம் சென்று, அதே வண்டியை விலைக்கு வாங்கினார்.

இங்கிலாந்தில் காவென்டிரி நகரத்தில் மிதிவண்டி செய்து புகழ்பெற்ற ரட்ஜ் நிறுவனத்தார் 1911ஆம் ஆண்டு முதல் மோட்டார் சைக்கிள்களையும் செய்யத் தொடங்கினர். நாயுடு வாங்கியது அந்நிறுவனத்தாரின் வண்டியே. அதனை வாங்கிய எவரும் ஊர்த் தெருவில் ஓட்டிக் காட்டவே விரும்புவர். நாயுடு முதற்கண் அதனை வீட்டில் வைத்து முழுவதும் பிரித்துப் போட்டார்.

அச்செயல் எவ்வளவு துணிவுடையது என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தல் தகும். மூன்றாண்டு உழைப்பு முழுவதும் அந்த வண்டியில் அடங்கியிருந்தது. மீண்டும் பூட்ட இயலாமற் போனால் மிஞ்சுவது இரும்புக் குவியல் ஒன்றே. துணைக்கு வரப் பட்டறை ஆள் எவரும் அருகில் இல்லை. அத்தகைய வண்டிகளில் உருளை ஒன்றே உண்டு. அதனுள் பிஸ்டன் மேலும் கீழும் சென்று வரும். கார்புரேட்டர் பெட்ரோலையும் காற்றையும் கலந்து உள்ளே அனுப்பும். மாக்னெட்டோ என்னும் சிறு கருவி மின்பொறியை உண்டாக்கும். அப்பொறி உரிய நொடியில் தெறித்தாலன்றி இயந்திரம் ஓடாது. சற்று முந்தினால் எதிர்த்து உதைக்கும், சற்றுப் பிந்தினால் வலுவிழந்து முனகும். வால்வுகளைத் திறந்து மூடும் பற்சக்கரங்கள் ஒரு பல் தவறிப் பூட்டப்பட்டாலும் பயனில்லை. எனவே எந்தப் பகுதி எதன்பின் கழன்றது, எந்த மரை எந்தத் திருகாணிக்கு உரியது, எந்தப் பல் எந்தப் பல்லோடு பொருந்தி நின்றது என்பவற்றை எல்லாம் கண்ணும் கையும் நினைவில் வைத்தாக வேண்டும். நாயுடு அதனைக் கழற்றினார், பூட்டினார், மீண்டும் கழற்றினார். ஒவ்வொரு முறையும் அவர் அறியாத பகுதி ஒன்று குறைந்துகொண்டே வந்தது. இவ்வாறு பழகிய சில காலத்திற்குள், பிறருடைய வண்டிகளையும் பழுதுபார்க்கும் திறன் அவருக்கு வாய்த்தது. அவருடைய வீடே அவருக்குக் கல்லூரி ஆயிற்று. 300 ரூபாய் அதற்குக் கட்டணம் எனலாம்.

இதன்பின் அவர் வாழ்வு நேரே ஏறிச் சென்றது என்று எண்ணுதல் தவறு. திருப்பூரில் பருத்தி அரைவை ஆலை ஒன்றை நடத்தினார். முதல் உலகப் போர்க் காலத்தில் பருத்தியால் பெரும்பொருள் ஈட்டினார். அப்பொருளோடு பம்பாய்க்குச் சென்று அங்குள்ள பெருவணிகரோடு போட்டியிட்டு, ஈட்டியதை எல்லாம் இழந்து ஊர் திரும்பினார். வாணிகம் அவரைக் கைவிட்டது, கைத்தொழில் கைவிடவில்லை.

கோவையில் ஆலைகளையும் பள்ளியையும் நிறுவிய சர் இராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெரியார், இந்த இளைஞரின் திறத்தை அறிந்து உதவ முன்வந்தார். அவருடைய உதவியால் நாயுடு பேருந்து ஒன்றைக் கடனாகப் பெற்றார். 1920ஆம் ஆண்டில் அப்பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டத் தொடங்கினார். ஏறக்குறைய 40 மைல் தொலைவுள்ள அவ்வழியில் முருகன் அடியார்களும் சந்தைக்குச் செல்லும் உழவர்களும் மாட்டு வண்டிகளில் ஊர்ந்துகொண்டிருந்த காலம் அது. முதலாளியும் ஓட்டுநரும் பழுதுபார்ப்பவரும் ஒருவரே ஆனமையால், வழியில் வண்டி நின்றாலும் பயணம் நின்றதில்லை. அக்காலத்தில் உதிரிப் பகுதிகள் கப்பலில் வந்து சேர வேண்டும். வரும்வரை வண்டி கொட்டகையில் கிடக்க வேண்டும். பழையதைச் செப்பனிடவும் இல்லாததைச் செய்துகொள்ளவும் வல்லவருக்கே அத்தொழில் ஊதியம் தந்தது. ஒரு பேருந்து பல பேருந்துகளாகப் பெருகிற்று. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் அவருடைய நிறுவனத்தின் பெயர், யு.எம்.எஸ். என்னும் சுருக்க வடிவில் கொங்கு நாட்டுச் சிறுவர்க்கும் தெரிந்த பெயர் ஆயிற்று.

இதே ஆண்டுகளில் தெற்கே, மழை குறைந்த சிவகாசியிலிருந்தும் இளைஞர் இருவர் தொழில் கற்கப் புறப்பட்டனர் என்பது குறிப்பிடத் தக்கது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ஆம் ஆண்டில் கல்கத்தாவிற்குச் சென்று, தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினர். சிவகாசியின் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் அச்சுத் தொழிலும் அங்கிருந்து கிளைத்தவையே. விளைச்சல் பொய்த்த மண்ணில் கைத்திறனை விதைத்த தலைமுறை அது. நாயுடு அத்தலைமுறையின் கொங்கு நாட்டு உறுப்பினர்.

பேருந்துத் தொழிலில் பொருள் சேர்ந்தபின் நாயுடு ஓய்ந்திருக்கவில்லை. ஐரோப்பாவிற்குச் சென்று, தொழிற்சாலைகளைக் கண்டார். கையில் எப்போதும் படக்கருவி இருக்கும். 1936ஆம் ஆண்டு சனவரியில் இலண்டனில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே திரைப்படமாக எடுத்தார். அவருடைய பெயரை அயல்நாட்டில் பரப்பியது ரேசண்ட் என்னும் சிறு கருவியே. அது மின்கலத்தால் இயங்கும் சிறிய மோட்டாரைக் கொண்ட முகம் மழிக்கும் கருவி. அதற்கேற்ற மிக மெல்லிய அலகுகளையும் அவர் ஆக்கினார். இறக்குமதியாகும் பண்டங்களையே உயர்ந்தவை எனக் கருதிய நாட்டிலிருந்து சென்ற ஒருவர், ஐரோப்பியர் நாள்தோறும் கையாளும் பொருளை அவர்களுக்கே திருத்திக் கொடுத்தார்.

எனினும் தமிழ்நாட்டிற்கு இதனினும் பெரிய பயன் தந்தது மின்மோட்டாரே ஆகும். 1937ஆம் ஆண்டில் பீளமேட்டில் இருந்த அவருடைய நியூ எலக்ட்ரிக் ஒர்க்ஸ் என்னும் தொழிற்சாலையில், டி. பாலசுந்தரம் நாயுடுவின் துணையோடு, இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் உருவாயிற்று. அதுவரை கவலை பூட்டிக் கிணற்று நீரை இறைத்த கொங்கு உழவர்க்கு, அருகிலேயே செய்து அருகிலேயே பழுதுபார்க்கத் தக்க மோட்டார் எத்துணை வேண்டியது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. கோவை மாநகரம் மோட்டார்களுக்கும் நீரேற்றும் பம்புகளுக்கும் பெயர்பெற்றதன் தொடக்கம் இங்கேதான். பாலசுந்தரம் நாயுடு பின்னர் டெக்ஸ்டூல் என்னும் பெருந்தொழிற்சாலையைத் தொடங்கினார்.

பொருள்களின் விலையைப் பற்றி நாயுடுவுக்கு ஓயாத கவலை ஒன்று இருந்தது. ஒரு பொருளைப் பிரித்துப் பார்த்தவருக்கு அதனுள் உள்ள இரும்பும் செம்பும் எவ்வளவு பெறும் என்பது தெரிந்துவிடும். கடையில் அதற்கு மும்மடங்கு விலை சொல்லும்போது அவரால் வாளாவிருக்க இயலாது. ஐந்து வால்வுகள் உள்ள வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தம்மால் செய்து தர இயலும் என்று 1941ஆம் ஆண்டில் அவர் அறிவித்தார். வானொலி செல்வர் வீட்டுப் பொருளாக இருந்த காலத்தில் அவ்வறிவிப்பு பலரை வியக்க வைத்தது.

1944ஆம் ஆண்டில் தம் தொழில்களிலிருந்து பெரும்பாலும் விலகிய அவர், ஆராய்ச்சிக்கும் தொழிலாளர் நலத்திற்கும் பொருள் வழங்கினார். மறு ஆண்டில் தொழிற்கல்வியில் கருத்தைச் செலுத்தினார். அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் ஹோப்பின் பெயரால் கோவையில் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியும் பொறியியற் கல்லூரியும் தோன்றின. அக்கல்லூரியே பிற்காலத்தில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அங்கே முதல்வராக அமர்ந்தார்! ஆனால் நான்கு ஆண்டுப் படிப்பு என்னும் முறை அவருக்கு உடன்பாடாக இல்லை. இளைஞரின் காலம் வீணாகிறது என்றும், பட்டறையில் பழக்கினால் அதே கல்வியை மிகக் குறைந்த காலத்தில் தரலாம் என்றும் அவர் வாதித்தார். அரசு இசையவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார்.

இவ்வழக்கில் நேர்மை முழுவதும் ஒரு பக்கமே இருந்தது என்று கொள்ளுதல் பொருந்தாது. பாலம் கட்டுவோர்க்கும் மின்நிலையம் அமைப்போர்க்கும் கணிதமும் இயற்பியலும் ஆழ்ந்து தெரிந்திருத்தல் வேண்டும். அவற்றைத் திருகுசாவியால் மட்டும் கற்க இயலாது. ஆயினும் கல்லூரியை விட்டு வெளிவந்த பொறியாளர் பழுதுற்ற இயந்திரத்தின் முன் கைகட்டி நிற்கும் காட்சியை நாயுடு பலமுறை கண்டிருத்தல் கூடும். அவருடைய பேச்சின் கடுமைக்கு அதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

அவருடைய வாழ்வில் நேர்ந்த பெரிய ஏமாற்றம் மோட்டார் காரைப் பற்றியது. 1952ஆம் ஆண்டில் இருவர் அமர்ந்து செல்லத்தக்க சிறிய பெட்ரோல் கார் ஒன்றை அவர் உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபாய். நடுத்தரக் குடும்பத்து ஆசிரியரும் எழுத்தரும்கூடச் சில ஆண்டுகள் சேமித்தால் வாங்கக்கூடிய வண்டி அது. ஆனால் தொழில்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1951ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, மறு ஆண்டில் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன்படி பெருந்தொழில் தொடங்குவோர் நடுவண் அரசின் உரிமம் பெறுதல் வேண்டும். நாயுடுவின் காருக்கு உரிமம் கிடைக்கவில்லை. நாட்டின் அரிய அன்னியச் செலாவணியையும் எஃகையும் எத்தொழிலுக்கு எவ்வளவு பகிர்வது என்று அரசு கணக்கிட்டுக்கொண்டிருந்த காலம் அது. சில நிறுவனங்களே கார் செய்தால் போதும் என்பது அன்றைய கொள்கை. அக்கொள்கைக்குக் காரணங்கள் இருந்தன. ஆயினும் மாருதி என்னும் சிறிய கார் 1983ஆம் ஆண்டு இறுதியில் தெருவிற்கு வரும்வரை, முப்பதாண்டுகளுக்கு மேலாக எளிய குடும்பத்தார்க்கு உரிய கார் இந்நாட்டில் தோன்றாமல் இருந்தது என்பதும் உண்மையே. நாயுடுவின் வண்டி அவருடைய கொட்டகையின் வாயிலைத் தாண்டி மக்களிடம் செல்லாமலே நின்றுவிட்டது.

இத்தகைய தடைகளும் வரிச் சுமையும் அவர் உள்ளத்தைக் கசப்படையச் செய்தன. தாம் ஆக்கிய கருவிகள் சிலவற்றைப் பலர் முன்னிலையில் உடைத்து, அரசின் போக்கிற்கு எதிர்ப்புக் காட்டினார். அரும்பாடுபட்டுச் செய்தவற்றைச் செய்தவரே உடைப்பதா என்று வருந்தியோர் பலர். பிரித்ததை மீண்டும் பூட்டுவதில் வாழ்நாளைக் கழித்தவர், பூட்டவே முடியாதபடி ஒன்றை உடைத்தாரெனில், அவர் நெஞ்சின் புண் எத்தகையதாக இருந்திருக்கும்!

ஆயினும் சோர்வு அவரிடம் நெடுநாள் தங்கியதில்லை. காலை ஆறு மணிக்கு அடித்தளம் தோண்டத் தொடங்கி, மாலை ஐந்து மணிக்குள் குடிபுகும் வகையில் ஒரு வீட்டைக் கட்டி முடித்துக் காட்டினார். பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, வாக்குப் பதியும் கருவி என அவர் ஆக்கியவை பலவாகும். வேளாண்மையிலும் புகுந்து, வியக்கத்தக்க உயரம் வளரும் பருத்திச் செடிகளை வளர்த்தார். 1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் சேர்த்து வைத்த கார்களும், அவருடைய மைந்தர் ஜி. டி. கோபால் சேர்த்தவையும் வீணாகப் போகவில்லை. கோவை அவிநாசிச் சாலையில் 2015ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஜீடி கார் அருங்காட்சியகத்தில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன.

பழைய வண்டியை மீண்டும் உருவாக்குதல் புதிய வண்டி செய்வதினும் அரிது. கூப்பே எனப்படும் இருகதவு மூடுவண்டி ஒன்று பல்லாண்டுகள் கொட்டகையில் கேட்பாரற்றுக் கிடப்பதாகக் கொள்வோம். இரும்பைத் தின்பது ஈரமும் காற்றும் சேர்ந்து விளைக்கும் துரு. விருதுநகர், சிவகாசிப் பக்கத்து வறண்ட காற்றில் அது மெல்ல நடக்கும். பட்டாசு மருந்தை உலர வைக்கும் அதே வறட்சி இரும்பையும் ஓரளவு காக்கிறது. கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்வதால் துரு விரைந்து ஓடும். மேல்தகட்டில் தெரியும் செந்நிறத்தைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அது உப்புத்தாளால் தேய்த்தால் போய்விடும். கதவின் அடிவிளிம்பிலும், காலடித் தகட்டின் கீழும், நீர் தேங்கும் மூலைகளிலும் மறைந்திருக்கும் துருவே வண்டியைக் கொல்வது. திருகுளியால் மெல்லத் தட்டினால் நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். துருவேறியது மங்கிய ஓசையோடு உதிரும். உதிர்ந்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகட்டைப் பற்றவைக்க வேண்டுமேயன்றி, மேலே பட்டி பூசி வண்ணம் அடித்தல் நோயை மூடி வைப்பதாகும்.

இறுகிய மரைகளை வலிந்து திருகினால் திருகாணி முறியும். மண்ணெண்ணெய் ஊற்றி இரவெல்லாம் ஊற வைத்தல் வேண்டும். அதற்கும் இணங்காதவற்றைச் சூடேற்றுதல் வேண்டும். பெட்ரோல் தொட்டியும் குழாய்களும் உள்ள இடத்தில் நெருப்பைக் கொண்டு செல்லுமுன் அவற்றைக் கழற்றி அகற்றுதல் இன்றியமையாதது. நெடுநாள் நின்ற இயந்திரத்தை உடனே சுழற்றவும் கூடாது. உருளைக்குள் சிறிது எண்ணெய் விட்டு, கையால் சிறிது சிறிதாக அசைத்து, பிஸ்டன் இளகிய பின்னரே அடுத்த வேலை. கழற்றிய ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதிக் கட்டி வைப்பர் அறிந்தோர். அரிய வண்டியாயின் கடைகளில் உதிரிப் பகுதி கிடைக்காது. லேத் பட்டறையில் கடைந்தோ, பழைய பகுதியைப் பார்த்துப் புதிதாய் வார்த்தோ செய்துகொள்ள வேண்டும். இவ்வேலையில் மாதங்களும் ஆண்டுகளும் கழியும். இடையில் விட்டவர்களின் கொட்டகைகளில், பாதி பிரித்த வண்டிகள் முன்னிலும் மோசமாகக் கிடப்பதும் உண்டு. கலங்கலில் பிரிக்கப்பட்ட ரட்ஜ் வண்டிக்கும் அந்த இடர் இருந்தது.

கோவை அருங்காட்சியகத்தில் உள்ளவற்றுள், செருமனி நாட்டுக் காரல் பென்சு 1886ஆம் ஆண்டில் உரிமை பெற்ற மூன்று சக்கர மோட்டார் வண்டியின் படிவமும் ஒன்று. உலகின் முதல் மோட்டார் கார் எனப் போற்றப்படுவது அவ்வண்டியே. அதன் உருளையும் ஒன்றே. அதில் அமரக்கூடியவரும் இருவரே.